இரவு தங்கும் பஸ்

மும்பையிலும் புனேயிலும் வாழும் நம்மவர்க்கு மகாராஷ்டிரத்தின் சிவப்பு 'எஸ்.டி.' பஸ் புதிதன்று. 1948 ஜூன் 1ஆம் தேதி புனேக்கும், அந்நாளில் அகமத்நகர் எனப்பட்ட நகருக்கும் இடையே முதல் வண்டி ஓடிற்று. இப்போக்குவரத்தில் நாம் பெரிதும் மதிப்பது 'முக்காம் வண்டி' என்னும் ஏற்பாட்டையே. நமது 'முகாம்' என்ற சொல்லும் இதுவும் உடன்பிறப்புகள்தாம்.

மாலையில் தாலுகா நகரை விட்டுப் புறப்படும் கடைசி வண்டி, கடைக்கோடிக் கிராமத்தை அடைந்து அங்கேயே இரவு தங்குகிறது. ஓட்டுநரும் நடத்துநரும் அவ்வூரிலேயே உறங்கி, விடியற்காலையில் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு திரும்புகின்றனர். வெறும் வண்டியாக ஓடவேண்டிய தூரம் மிச்சமாகிறது. கிராமத்தாருக்கோ, பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் உரிய நேரத்தில் சென்று, அன்றே வீடு திரும்ப வழி பிறக்கிறது. உயர்நிலைப்பள்ளி அயலூரில் இருக்குமாயின், ஒரு பெண் மேலே படிப்பதும் நிற்பதும் பல வேளைகளில் இந்த ஒரு வண்டியைப் பொறுத்ததாகிவிடும்.

2021 அக்டோபர் இறுதியில் தொடங்கி 2022 ஏப்ரல் வரை நீடித்த ஊழியர் வேலைநிறுத்தத்தின்போது இவ்வுண்மை நன்கு புலப்பட்டது. நகரத்தாருக்கு ரயில் இருந்தது. சிற்றூராருக்கு நெரிசல் மிக்க ஜீப்பு, அன்றேல் கால்நடைப் பயணம்.

2023 மார்ச்சில் பெண்களுக்குப் பாதிக் கட்டணச் சலுகை வந்தது. நன்றே. ஆயினும் வாராத வண்டிக்குப் பாதிக் கட்டணம் இருந்தென்ன? முக்காம் வண்டி நிலைக்கவேண்டுமாயின், இரவு தங்கும் ஊழியருக்குத் தாழிட ஓர் அறையும் தண்ணீரும் கழிப்பிடமும் வேண்டும். அவை இல்லாத ஊர்களில் அவர்கள் வண்டி இருக்கைகளிலேயே படுத்துக்கொள்கின்றனர். இந்த அறையைக் கட்டித் தருவது கிராம பஞ்சாயத்தின் சக்திக்கு அப்பாற்பட்ட காரியமன்று.