முறிந்த கால் எலும்பு எப்படிக் கூடுகிறது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் பனை, தென்னை ஏறுகையில் தவறி விழுபவர்களுக்குக் குதிகாலோ கணைக்கால் எலும்போ முறிவதுண்டு. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. சில வாரங்களில் மென்மையான இணைப்புத் திசு வளர்ந்து, கால்சியம் படிந்து இறுகுகிறது. கணைக்கால் எலும்பு கூட 3 முதல் 6 மாதம் ஆகலாம்.

வர்ம வைத்திய ஆசான்கள் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவதும், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போடுவதும் எலும்பு அசையாதிருக்கவே. ஆனால் எந்தக் கட்டானாலும் அளவுக்கு மீறி இறுகினால் இரத்த ஓட்டம் தடைபடும். விரல் மரத்தாலோ வெளிறினாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். சில மணி நேரத் தாமதத்தில் தசையே செத்துவிடலாம். எலும்பு தோலைக் கிழித்திருந்தால் எண்ணெய், பச்சிலை எதுவும் வைக்காமல் சுத்தமான துணியால் மூடுவதே சரி.

மரமேறும்போது பாதுகாப்பு வார் கட்டுவதும், மழையில் வழுக்கும் மரத்தைத் தவிர்ப்பதும் விழும் ஆபத்தைக் குறைக்கும்.