பானட்டுக்கு அடியில் – 7: பழுப்பு ஒயர் போகும் வழி

போன வாரம் பிசுக்கு எடுத்தோம். மண்ணெண்ணெயும் பழைய பிரஷும் போதும் என்று பார்த்தோம். தவறவிட்டவர்கள் சென்ற இதழைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் என்ஜினுக்குப் பெயின்ட் அடிப்பதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் ஒயர்களைக் கழற்றி ஓரம் கட்ட வேண்டும். அதை இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகரலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒயர் அப்படி விடுகிற சங்கதி இல்லை.

நம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் பானட் என்பது வெறும் மூடி அல்ல. பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் கொக்கிகளை விடுவித்துத் தூக்கினால், மட்கார்டு, ஹெட்லைட், கிரில் எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்துவிடும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டாக இது பிறந்ததற்குப் பின்னால் ஒரு நெருக்கடி உண்டு. ஹெரால்டைச் செய்த கம்பெனிக்கு பாடி செய்துகொடுத்த ஃபிஷர் அண்டு லட்லோவை 1953-ல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே கூடாகச் செய்துதர ஆள் இல்லை. எனவே தனி சேசிஸ், அதன்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கும் தகடுகள் என்று போனார்கள். தோற்றத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. 1961-ல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆலையில் இதைச் செய்யத் தொடங்கினார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மற்ற கார்களில் பானட்டைத் திறந்தாலும் பாதி இருட்டு மிஞ்சும். அந்த இருட்டில் எத்தனையோ மறைந்துவிடும். ஹெரால்டில் எல்லாமே வெயிலில் நிற்கிறது. என்ஜினைப் பளபளவென்று ஆக்கிவிட்டு, அதன் பக்கத்தில் கறுப்பு டேப் சுற்றிய ஒயர் மூட்டையைத் தொங்கவிட்டால் முதலில் கண்ணில் படுவது அந்த மூட்டைதான்.

புதுப்பேட்டை பக்கம் ஒரு எலெக்ட்ரீஷியனிடம், பிரவுன் ஒயர் போன இடத்தில் ஏன் சிவப்பு போட்டிருக்கிறார் என்று கேட்டேன்.

“கலர்ல என்ன சார் இருக்கு? கரண்டு போனா போதாதா?”

“நாளைக்கு வேற ஒருத்தர் கை வச்சா, எது எதுன்னு எப்படிண்ணே கண்டுபிடிப்பார்?”

“டெஸ்ட் லாம்ப் வச்சுப் பார்க்கட்டும் சார்.”

அவர் கைவேலை சுத்தம். சாலிடர் வைத்த இடம் ஒவ்வொன்றும் மணியாக இருந்தது. ஆனால் அந்தக் காருக்குள் இருந்த ஒரு முழு மொழியை அவர் அழித்துவிட்டார் என்று எனக்கு மனசு ஆறவில்லை.

ஏனென்றால் பழைய பிரிட்டிஷ் கார்களின் ஒயரிங்கில் ஒரு நிறம்கூடச் சும்மா போடப்படவில்லை. லூகாஸ் கம்பெனி வகுத்த முறை அது. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேரே வருவது. சாவியை எடுத்துவிட்டாலும் அதில் கரண்ட் இருக்கும். வெள்ளை, சாவியைத் திருப்பிய பிறகு உயிர் பெறுவது. அதே வெள்ளையிலிருந்து பிரிந்து வைப்பர், இண்டிகேட்டர், பிரேக் லைட் என்று துணைச் சாமான்களுக்குப் போவது பச்சை. நீலம் ஹெட்லைட், சிவப்பு சைடு லைட்டும் டெயில் லைட்டும், கறுப்பு எர்த்.

இத்தோடு நின்றிருந்தால் நானும் நின்றிருப்பேன். நிறத்தின்மேல் மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறதே, அதில்தான் இந்த வாரம் முழுக்க மாட்டிக்கொண்டேன். நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீம், நீலத்தில் சிவப்புக் கோடு டிம். பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், பச்சையில் வெள்ளைக் கோடு வலது. பச்சையில் ஊதாக் கோடு பிரேக் லைட். வெள்ளையில் சிவப்புக் கோடு செல்ஃப் எடுக்க. அடிநிறம் இனிஷியல் மாதிரி, யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடும். கோடுதான் பிள்ளையின் பெயர். வலது இண்டிகேட்டர் எரியவில்லையா? பச்சையில் வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தால் அறுந்த இடத்துக்குப் போய்விடலாம். டெஸ்ட் லாம்ப் அப்புறம்தான்.

இந்த லூகாஸின் கதையையும் சொல்லாமல் விட முடியாது. பர்மிங்காமின் ஹாக்லி தெருக்களில் தள்ளுவண்டியில் மண்ணெண்ணெய் விற்றவர் ஜோசப் லூகாஸ். எண்ணெய் விற்றவர் விளக்கு செய்யத் தொடங்கினார். கப்பல் விளக்கு செய்தார். சைக்கிள் சக்கரத்தின் அச்சில் தொங்கும் ‘கிங் ஆஃப் தி ரோட்’ விளக்குதான் அவர் பெயரை ஊரெங்கும் கொண்டுபோனது. அந்தப் பெயர் 1960-களின் தொடக்கத்தில் டிவிஎஸ்ஸோடு சேர்ந்து சென்னை பாடிக்கு வந்து, பஸ் நிறுத்தத்தின் பெயராகவும் நிலைத்துவிட்டது. ‘லூகாஸ் இறங்கு’ என்று கண்டக்டர் குரல் கொடுக்கும்போதெல்லாம் ஒரு தள்ளுவண்டி அங்கே வரை வந்து சேர்ந்த தூரம் எனக்கு நினைவுக்கு வரும்.

சரி, வேலைக்கு வருவோம். பழைய ஒயரிங்கைப் பார்த்தால் எல்லாம் ஒரே கரிநிறமாகத்தான் தெரியும். ஏமாற வேண்டாம். மேலே சுற்றிய டேப்பை ஒரு சாண் நீளத்துக்குப் பிரியுங்கள். எண்ணெயும் சூடும் எட்டாத அந்த இடத்தில் நீலம் நீலமாக, அதன்மேல் வெள்ளைக் கோடு தலைமுடிக் கனத்தில், ஆலையில் சுற்றிய அன்று இருந்தபடியே இருக்கும். அதைப் பார்த்து எழுதிக்கொண்டு, ஒவ்வொரு முனையிலும் சீட்டு கட்டி, போட்டோ எடுத்த பிறகே கழற்றுங்கள். கழற்றியதை அப்படியே ஒரு பிளைவுட் பலகையில் விரித்து, கிளை பிரியும் இடமெல்லாம் ஆணி அடியுங்கள். அந்த ஆணிகளின் ஊடே புது ஒயரை ஓட்டினால் நீளம் ஓர் அங்குலம் தவறாது.

டேப் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வீட்டு ஒயரிங்குக்குப் போடும் பசை டேப் என்ஜின் சூட்டில் இளகிவிடும். ஒரு கோடை தாண்டுவதற்குள் பசை வழிந்து தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆலையில் சுற்றியது பசையே இல்லாத பி.வி.சி. டேப். கிளை நுனியிலிருந்து தொடங்கி, ஒரு சுற்றின் பாதியை அடுத்த சுற்று மூடும்படி இழுத்துச் சுற்றிக்கொண்டே நடுத்தண்டுக்கு வர வேண்டும். கடைசி முனையில் மட்டும் ஒட்டு. சிலர் புதுக் கார்களில் வரும் நெளிநெளியான பிளாஸ்டிக் குழாயை வாங்கி எல்லாவற்றையும் அதற்குள் தள்ளிவிடுகிறார்கள். அறுபதுகளின் காரில் அது துருத்திக்கொண்டு நிற்கும். வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, இது அழகைத் தாண்டிய விஷயம். பெயின்ட் கரண்டைக் கடத்தாது. என்ஜின் ரூமுக்கு ஆசையாக மூன்று கோட் அடித்துவிட்டு எர்த் போல்ட்டை அதன்மேலேயே முடுக்கினால் ஹெட்லைட் மங்கும், ஹாரன் முனகும். போல்ட் உட்காரும் வட்டத்தில் மட்டும் உப்புத்தாளால் தேய்த்து இரும்பை வெளியே கொண்டுவந்து, முடுக்கிய பின் மேலே கொஞ்சம் வாசலைன் தடவுங்கள். என்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது; அதையும் சேசிஸையும் இணைக்கும் செம்புப் பின்னலை மாட்ட மறந்தால் நிலைமை இன்னும் மோசம். செல்ஃப் அடிக்கும்போது நூறு ஆம்பியருக்கு மேல் பாயும் கரண்ட் திரும்பிப் போக வழி தேடும். கிடைப்பது சோக் கேபிள். அந்த மெல்லிய கம்பி சூடேறிப் புகையும், உறை உருகும். புதிதாகப் பெயின்ட் அடித்த கார்களில் சோக் கேபிள் கருகியிருந்தால் முதலில் அந்தப் பின்னலைத் தேடுங்கள்.

என்ஜின் பெயின்ட் அடுத்த வாரம். அமெரிக்காவில் பழைய கார்வெட்டைச் சீரமைப்பவர்கள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் ஆரஞ்சு பெயின்ட் சிதறியிருந்தால் குறையாக நினைப்பதில்லை. அதையே வேண்டுமென்று தெளிக்கிறார்கள். ஆலையில் மேனிஃபோல்டை மாட்டிய பிறகுதான் என்ஜினுக்குப் பெயின்ட் அடித்தார்களாம். அதிலிருந்து தொடங்குகிறேன். அதற்குள் பலகையும் ஆணியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.