கழனிக்கு வழி சொல்லும் சின்னப் போன்

(வானொலி விவசாய ஒலிபரப்பில் வந்த பேச்சு)



மணலூர்பேட்டைப் பக்கத்தில் நெல் அறுவடை சமயம். வானம் மூட்டம் போட்டுக்கொண்டு நிற்கிறது. அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லி அனுப்பி, அதுவும் கிளம்பி வந்துவிட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஓட்டுநர் போன் போடுகிறார்: "அண்ணே, வந்துட்டேன். எங்க இருக்கீங்க?" கழனிக்காரர் சொல்கிறார்: "ஆத்தோரமா வா தம்பி. வேப்பமரம் தாண்டினா மோட்டார் கொட்டாய் தெரியும் பாரு." ஓட்டுநருக்கும் ஆறு தெரிகிறது, வேப்பமரம் தெரிகிறது, மோட்டார் கொட்டாயும் தெரிகிறது. ஆனால் அவர் நிற்பது தென்பெண்ணைக்கு அந்தக் கரையில்! பாலத்தைச் சுற்றிக்கொண்டு இயந்திரம் வந்து சேருவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அறுக்க முடியவில்லை. பக்கத்திலிருந்து நான் பார்த்த சங்கதி இது.

வீட்டுக்குக் கதவு எண் இருக்கிறது, தெருப் பெயர் இருக்கிறது. கழனிக்கு என்ன இருக்கிறது? சர்வே எண் இருக்கிறது. சர்வே எண்ணை வைத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலர் வருவார். லாரிக்காரர் வர முடியுமா? மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்ற வருகிற லாரி, மல்லாட்டை மூட்டை எடுக்க வருகிற வண்டி, ராத்திரியில் பாம்பு கடித்து நாம் கூப்பிடுகிற 108 வண்டி, எல்லாருக்கும் இதே கஷ்டம்தான்.

இதற்குத்தான் ஜி.பி.எஸ். என்று சொன்னால், நம்மவர்கள் உடனே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "அதெல்லாம் பெரிய திரை போன் வச்சிருக்கிறவங்களுக்குங்க. என்கிட்ட இருக்கிறது உள்ளங்கை அளவுதான். அதுல மேப்பைப் பார்த்தா கோடுதான் தெரியுது, ஊர் தெரியலை." கோடுதான் தெரிகிறது என்பது வாஸ்தவம். ஆனால் ஜி.பி.எஸ். என்பது மேப் இல்லைங்க. அது வேறே, மேப் வேறே. இதைப் பிரித்துப் புரிந்துகொண்டால் சின்னப் போனும் பெரிய வேலை செய்யும்.

நீங்கள் இப்போது வானொலி கேட்கிறீர்கள். நிலையம் பேசுகிறது, உங்கள் பெட்டி வாங்குகிறது. எந்த ஊரில் எந்தத் திண்ணையில் பெட்டி இருக்கிறது என்று நிலையத்துக்குத் தெரியாது. ஜி.பி.எஸ்.சும் அந்த ரகம்தான். ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. முதலாவது 1978இல் போனது. 24 கோள்கள் கொண்ட முழு அமைப்பாக 1995இல் வேலைக்கு வந்தது. ஒவ்வொரு கோளும் "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நம் போன் அதைக் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். இதற்குக் காசு கிடையாது, ரீசார்ஜ் தேவையில்லை. "மேலேருந்து நம்மளைப் பார்த்துக்கிட்டிருக்காங்க" என்று சில பெரியவர்கள் பயப்படுவார்கள். கோளுக்கு நம்மைத் தெரியாது. போனுக்குத் தெரிந்த இடத்தை நாமோ, போனில் உள்ள செயலியோ வெளியே அனுப்பினால்தான் அடுத்தவருக்குத் தெரியும்.

மணி சொன்னால் இடம் எப்படித் தெரியும்? தை மாதம் ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு மணலூர்பேட்டை வருகிறார். திருவிழா வெடியை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும். வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே மூன்று விநாடி ஆனால், வெடி போட்ட இடம் ஒரு கிலோமீட்டர் தூரம். ஒரு வெடியை வைத்துத் தூரம் மட்டும் தெரியும். மூன்று ஊரில் தனித்தனியாக வெடி போட்டு, மூன்றுக்கும் தூரம் தெரிந்தால், நீங்கள் நிற்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் என்று காகிதத்தில் வரைந்து காட்டிவிடலாம். போன் இதையே ரேடியோ அலையை வைத்துச் செய்கிறது. போனில் உள்ள கடிகாரம் அவ்வளவு துல்லியம் இல்லாததால், அதைச் சரிக்கட்ட நான்காவதாக ஒரு கோளும் வேண்டும். விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் இடம் 300 மீட்டர் தள்ளிப்போகும். அதனால்தான் கோள்களில் அணுக்கடிகாரம் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டின் நாவிக் அமைப்புக்காக 2013 முதல் 2016 வரை ஏழு கோள்களை விட்டார்கள். அவற்றில் சிலவற்றுக்குப் பிற்பாடு பழுதானதும் இந்தக் கடிகாரம்தான். 2023 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன என்.வி.எஸ்.-01 கோளில் நம் நாட்டிலேயே செய்த அணுக்கடிகாரம் இருக்கிறது.

சரி, போனுக்கு வருவோம். எல்லாப் பட்டன் போனிலும் ஜி.பி.எஸ். கிடையாது. 2007இல் கூகுள் மேப்பில் டவரை வைத்து இடம் காட்டும் வசதி வந்தது. அது ஜி.பி.எஸ். ஆகாது, நம் பக்கம் டவருக்கு டவர் தூரம் அதிகம் என்பதால் கிலோமீட்டர் கணக்கில்கூடத் தள்ளிக் காட்டும். 2017இல் வந்த ஜியோபோன் 2.4 அங்குலத் திரைதான், ஆனாலும் அதில் ஜி.பி.எஸ். வைத்திருந்தார்கள். ஆகவே திரை சின்னதா பெரியதா என்பது பேச்சில்லை. கடையில் வாங்கும்போது "இதுல ஜி.பி.எஸ். இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சின்னத் திரையில் மேப்பைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுவது ஆகாத காரியம். வெயிலில் ஒன்றும் தெரியாது, பேட்டரியும் சீக்கிரம் இறங்கிவிடும். வழியைக் குரலில் சொல்லும் வசதி போனில் இருந்தால் திரையை அணைத்து மேல்பையில் போட்டுக்கொண்டு காதால் கேளுங்கள். இல்லாவிட்டால் கிளம்புவதற்கு முன்னாலேயே எந்தெந்தத் திருப்பம் என்று பார்த்து, காகிதத்தில் நாலு வரி எழுதிக்கொள்வது நல்லது. மேப்பைப் பற்றி இவ்வளவு போதும்.

எனக்கு முக்கியம் இரண்டு எண்கள். திறந்த வெளியில் நின்று, மேப்பில் நீங்கள் நிற்கிற புள்ளியின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். பட்டன் போனாக இருந்தால் இடம் காட்டும் செயலியில் பார்க்கலாம். முதல் எண் பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே எவ்வளவு, இரண்டாவது எண் கிழக்கே எவ்வளவு. மணலூர்பேட்டைச் சுற்றுவட்டாரத்துக்கு முதல் எண் 12ஐ ஒட்டியும், இரண்டாவது 79 சொச்சமும் வரும். உதாரணத்துக்காக நானாக ஒரு எண் சொல்கிறேன்: 12.0147, 79.0932.

புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கங்களில்தான் சூட்சுமம். ஒரு டிகிரி என்பது ஏறக்குறைய 111 கிலோமீட்டர். புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் சொன்னால் 11 கிலோமீட்டர் வரை மயக்கம். அது ஊருக்கு ஊர் தூரம். இரண்டு இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டர், மூன்று என்றால் நூறு மீட்டர் சொச்சம். நான்கு இலக்கம் சொன்னால் 11 மீட்டர், அதாவது உங்கள் கிணற்றடிக்கே வந்துவிடலாம். அதற்கு மேல் போன் ஏழு எட்டு இலக்கம் காட்டினாலும் நமக்குப் பிரயோஜனம் இல்லை. திறந்த வெளியிலேயே போன் 5 மீட்டர் அளவுக்குப் பிசகும். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான அலையை வேண்டுமென்றே கொஞ்சம் கெடுத்து வைத்திருந்தது. அப்போது 100 மீட்டர் வரை பிசகும்.

எண்ணைச் சொல்லும்போது இரண்டு தவறு நடக்கும். ஒன்று, முன்பின் மாற்றிச் சொல்வது. 12, 79 என்பதை 79, 12 என்று சொன்னால் வண்டி வட துருவத்துப் பக்கம் ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் போக வேண்டியதுதான்! வேடிக்கைக்குச் சொல்லவில்லை, கணக்கு அப்படித்தான் வருகிறது. அதே வட்டாரத்தில்தான் 2008இல் நம் நாடு திறந்த ஹிமாத்ரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இன்னொரு தவறு, சில போன்கள் டிகிரி, நிமிடம், விநாடி என்று காட்டும். 12 டிகிரி 30 நிமிடம் என்பது 12.30 ஆகாது, 12.5 ஆகும். மணிக்கணக்கைப் போல அறுபதால் வகுக்க வேண்டும். மாற்றி எழுதினால் 22 கிலோமீட்டர் தள்ளிப்போய்விடும். குழப்பமே வேண்டாம் என்றால் புள்ளி வைத்த எண்ணாகவே அனுப்புங்கள்.

ஊர்ப் பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? மணலூர் என்று தட்டிப் பாருங்கள். கீழடிக்குப் பக்கத்தில், சிவகங்கை மாவட்டத்தில் ஒரு மணலூர் இருக்கிறது. கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் ஒன்று இருக்கிறது. மாவட்டப் பெயரிலும் தகராறு. 1993 வரை இது தென்னாற்காட்டில் இருந்தது, பிறகு விழுப்புரம், 2019 நவம்பரிலிருந்து கள்ளக்குறிச்சி. எங்கள் பெரியப்பா கடைசிவரை தென்னாற்காடு என்றுதான் கடிதத்தில் எழுதினார். எண்ணுக்கு இந்தத் தொல்லை இல்லை. மாவட்டம் மாறினாலும் கிணறு நகராது.

ஆனால் ஒன்று. எண் இடத்தைத்தான் சொல்லும், பாதையைச் சொல்லாது. போன் "800 மீட்டர்" என்று காட்டும்; நடுவில் ஆறு ஓடும். பாதை சொல்வது மேப்பின் வேலை, மேப்பில் உள்ளது பழசாக இருக்கலாம். நமக்கு மேலே, சாத்தனூர் அணைக்குக் கீழே, அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவே தென்பெண்ணையில் கட்டிய புதுப் பாலம் 2024 செப்டம்பரில் திறந்தது. டிசம்பர் முதல் வாரத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் வந்தபோது அது அடித்துக்கொண்டு போய்விட்டது. மூன்று மாதத்துக்குள் இருந்த பாலம் இல்லாமல் போயிற்று. அந்த மாதிரி ராத்திரியில் போன் காட்டுகிற வழியில் கண்ணை மூடிக்கொண்டு போக முடியுமா? ஆற்றைக் கடக்கிற விஷயத்தில் மட்டும் டீக்கடையில் நிறுத்தி ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

கல்வராயன் மலைக்குப் போகிறவர்களுக்கு வேறு ஒரு யோசனை. வெள்ளிமலை, சேராப்பட்டு, இன்னாடு தாண்டி உள்ளே போகப் போக டவர் விட்டு விட்டுத்தான் வரும். டவர் போனால் ஜி.பி.எஸ்.சும் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. கோளின் பேச்சுக்கு டவர் வேண்டாம். ஆனால் டவர் இருந்தால் கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரத்தைப் போன் சட்டென்று வாங்கிக்கொள்ளும். டவர் இல்லாவிட்டால் கோளிடமிருந்தே வாங்க வேண்டும். கோள் விநாடிக்கு 50 பிட் வேகத்தில் மெதுவாகத்தான் பேசும். தன் விவரத்தைச் சொல்லி முடிக்க அரை நிமிடம், எல்லாக் கோள்களின் பட்டியலையும் சொல்ல 12½ நிமிடம். ரொம்ப நாள் அணைத்து வைத்த போனாக இருந்தால், மரத்தடியை விட்டு வெட்டவெளிக்கு வந்து பொறுமையாக நில்லுங்கள். தகரக் கூரைக்குக் கீழே, தளம் போட்ட வீட்டுக்குள்ளே, பள்ளத்தாக்கில் எல்லாம் அலை சரியாக எட்டாது. மலைக்குக் கிளம்புவதற்கு முன்பு கள்ளக்குறிச்சியிலேயே அந்தப் பகுதி மேப்பைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டால், டவர் இல்லாமலும் அது வேலை செய்யும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் அடிதடியே வந்திருக்கிறது. போனைக் கையில் பிடித்து வரப்பைச் சுற்றி நடந்து, "என் நிலம் உன் பக்கம் வந்திருக்கு" என்று பேசாதீர்கள். சதுரமான ஒரு ஏக்கரின் ஒரு பக்கம் 63 மீட்டர் சொச்சம். அந்தப் பக்கம் நெடுக 5 மீட்டர் பிசகினால் கிட்டத்தட்ட 8 சென்ட் கூடுதலாகவோ குறைவாகவோ காட்டும். எட்டு சென்ட் என்ன விலை விற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். உரம், விதைக்கு உத்தேசமாகப் பரப்பு பார்க்கலாம். எல்லைக்கு சர்வேயரும் புல வரைபடமும்தான்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டிய வேலைக்கு வருகிறேன். உங்கள் போனில் ஜி.பி.எஸ். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பேரனோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ வைத்திருப்பார்கள். ஒரு நாள் அவரைக் கூட்டிக்கொண்டு கழனிக்குப் போங்கள். இரண்டு இடத்தில் எண் எடுங்கள். முதலாவது, தார் ரோட்டிலிருந்து மண் பாதை பிரிகிற இடம். இரண்டாவது, மோட்டார் கொட்டாய். வண்டிக்காரருக்கு முதல் எண்தான் அதிகம் உதவும். அங்கே தவறவிட்டால்தான் சுற்றல். இரண்டு எண்ணையும் குறுஞ்செய்தியாக உங்கள் போனிலேயே சேமித்து வையுங்கள். அறுவடை இயந்திரக்காரருக்கு அதையே அனுப்பினால் போதும், அவர் போன் வழி பார்த்துக்கொள்ளும்.

அவசரத்துக்கு இதை எப்படிப் பயன்படுத்துவது? பாம்பு கடித்தாலோ, கரண்டு அடித்தாலோ, எண் தேடிக்கொண்டு நேரம் போக்கக்கூடாது. முதலில் 108ஐக் கூப்பிட்டு ஊர், ஒன்றியம், மாவட்டம் சொல்லுங்கள். இந்தச் சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கியது. வழி கேட்டு ஓட்டுநர் திரும்பக் கூப்பிடுவது வழக்கம். அப்போது எண்ணைச் சொல்லுங்கள், ஒவ்வொரு இலக்கமாக, "ஒண்ணு, ரெண்டு, புள்ளி, சைபர், ஒண்ணு" என்று நிறுத்தி நிறுத்தி. அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கூடவே ஒரு ஆளை டார்ச் லைட்டோடு தார் ரோட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அந்த நேரத்தில் கழனியில் இருப்பது நீங்களாக இல்லாமல் இருக்கலாம். களையெடுக்க வந்த அம்மாவாக இருக்கலாம், காவலுக்குப் படுத்திருக்கும் தாத்தாவாக இருக்கலாம். அவர்கள் கையில் இருப்பது பேச மட்டும் முடிகிற போன். அதனால் அந்த இரண்டு எண்களையும், ஊர்ப் பெயரோடு சேர்த்து, மோட்டார் கொட்டாய்ச் சுவரில் கதவுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். எது ரோட்டு முனை, எது கொட்டாய் என்றும் எழுதுங்கள். கரிக்கட்டையால் எழுதினால் அடுத்த மழைக்கு நிற்காது. கதவுக்கு அடிக்க வாங்கிய பெயின்ட் மிச்சம் இருந்தால் அதில் எழுதுங்கள்.