கொதித்து ஆறிய தண்ணீரே குடிதண்ணீர்

"பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து இந்தப் பீலித் தண்ணியத்தானே குடிக்கிறோம். எங்களுக்கு என்ன வந்திச்சு?"

தோட்டங்களில் குடிதண்ணீரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் பெரியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்ற விஷயங்களுக்குப் போவோம்.

பாட்டன் பூட்டன் காலத்தில் ஒன்றுமே வரவில்லை என்பது சரியல்ல. 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதை வழியே மாத்தளையை நோக்கி நடந்தார்கள். அந்த வழியிலேயே வாந்திபேதி கண்டு மடிந்தவர்கள் ஏராளம். பின்னாளில் மண்டபம் முகாமில் ஆட்களை நாட்கணக்கில் நிறுத்தி வைத்துப் பார்த்த பிறகே இலங்கைக்கு அனுப்பினார்கள். அதற்கும் இப்படியான தொற்றுநோய்ப் பயமே காரணம்.

அந்தக் காலத்தில் நோய் எங்கிருந்து வருகிறது என்று பலருக்கும் தெரியாது. காற்றில் வருகிறது என்றார்கள், சாமி குற்றம் என்றார்கள். 1854இல் லண்டன் நகரில் வாந்திபேதி பரவியபோது, ஜோன் ஸ்னோ என்ற டாக்டர் செத்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்தார். பெரும்பாலானோர் ஒரே தெருப் பம்பில் தண்ணீர் பிடித்தவர்கள் என்று கண்டார். அந்தப் பம்பின் கைப்பிடியையே கழற்ற வைத்தார். 1884இல் ரொபர்ட் கொக் என்ற ஜெர்மன் டாக்டர் கல்கத்தாவில் அந்த நோயின் கிருமியையே பிரித்தெடுத்துக் காட்டினார். இன்று நமக்கு விஷயம் தெரியும். தெரிந்த பிறகும் பழையபடியே இருப்பது நியாயமா?

தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீரா?

நம் மலைகளில் ஊற்றுத் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும், ஐஸ் போலக் குளிரும். அதனால் சுத்தமானது என்று நம்பிவிடுகிறோம். ஆனால் வயிற்றோட்டக் கிருமி கண்ணுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீற்றர் நீளத்துக்குள் சுமார் 500 கிருமிகளை வரிசையாக வைக்கலாம். அவ்வளவு சின்னது. நிறமும் இல்லை, மணமும் இல்லை, ருசியும் இல்லை.

தண்ணீருக்குள் இது எப்படிப் போகிறது? நம் லயத்துக்கு மேலே இன்னொரு லயம் இருக்கும். அங்கே கக்கூஸ் இருக்கும், மாட்டுப்பட்டி இருக்கும், எருப் போட்ட மரக்கறித் தோட்டம் இருக்கும். மழை பெய்தால் அவ்வளவும் கரைந்து கீழேதான் வரும். ஊற்றுக்கு மூடி இல்லாவிட்டால் அதற்குள்ளேயே போய்விடும்.

குழாயில் வரும் தண்ணீருக்கும் இதே கதைதான். ரப்பர்ப் பைப்பின் மூட்டு கழன்று கானுக்குள் கிடக்கும். தண்ணீர் ஓடும்போது வெளியே ஒழுகும். தண்ணீர் நின்றதும் பைப் வெறுமையாகி, அதே ஓட்டை வழியாகக் கான் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே நேரத்துக்கு நேரம் விட்டுவிட்டு வரும் தண்ணீரை அதிகம் சந்தேகப்பட வேண்டும்.

குடிநீர் என்றால் 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 'ஈ-கோலை' என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது. இலங்கைத் தரமும் உலக சுகாதார நிறுவனமும் சொல்வது இதுதான். 100 மில்லிலீற்றர் என்பது அரைக் கோப்பை அளவு தண்ணீர்.

இதனால் என்னென்ன வரும்?

வயிற்றோட்டம், வயிற்றுளைச்சல், நெருப்புக் காய்ச்சல், மஞ்சள் காமாலை இவையெல்லாம் அசுத்தத் தண்ணீர் வழியாக வரக்கூடியவை. பெரியவர்களுக்கு வந்தால் நான்கு நாள் பெரட்டுக்குப் போக முடியாது. பேர் விழாது, சம்பளமும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வர பஸ் காசு, ஓட்டோ காசு வேறு.

சின்னப் பிள்ளைகளின் நிலைமை இதைவிட மோசம். உடம்பில் உள்ள தண்ணீர் வெளியே போவதால் ஒரே நாளில் கண் குழிந்து, நாக்கு வறண்டு, உயிருக்கே ஆபத்து வரலாம். அது மட்டுமல்ல. மாதத்துக்கு ஒரு தடவை வயிற்றோட்டம் வரும் பிள்ளைக்கு எவ்வளவு சாப்பாடு கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது. கிளினிக்கில் நிறுத்துப் பார்த்து, "நிறை ஏறல்லியே" என்று மருத்துவிச்சி சொன்னால், சாப்பாட்டை மட்டும் யோசிக்காமல் தண்ணீரையும் யோசிக்க வேண்டும்.

கொதிக்க வைக்கும் முறை

வீட்டிலே செய்யக்கூடிய வழிகளில் நம்பிக்கையானது கொதிக்க வைப்பதுதான். கிருமி எதுவானாலும் கொதியில் செத்துப்போகும். ஆனால் சூடாக்குவது வேறு, கொதிக்க வைப்பது வேறு. கேத்தல் "உஸ்" என்று சத்தம் போட்டதும் இறக்கினால் போதாது. பெரிய குமிழிகள் அடியிலிருந்து எழும்பி, தண்ணீர் தளதளவென்று புரள வேண்டும். அப்படிப் புரளத் தொடங்கிய பிறகு 1 நிமிடம் விடவேண்டும். நுவரெலியாப் பக்கம் போல உயரமான மலைகளில் 3 நிமிடம் விடுவது நல்லது.

ஏன் இந்த வித்தியாசம்? உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் நுவரெலியாவில் சுமார் 94 பாகையிலேயே கொதிக்கும். கிருமி சாக அந்தச் சூடு போதும். கொஞ்சம் கூடுதலாகக் கொதித்தால் சந்தேகமே இல்லை.

தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் வாளியில் தெளிய வைத்து, மேல் தண்ணீரை மட்டும் எடுத்து, சுத்தமான பழைய சேலைத் துணியை நான்காக மடித்து வடிகட்டவேண்டும். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வங்காளதேசத்துக் கிராமங்களில் பெண்கள் பழைய சேலையை மடித்து வடிகட்டியதால் வாந்திபேதி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2003இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. ஆனாலும் துணியில் எல்லாக் கிருமியும் நிற்காது. ஆகவே வடிகட்டுவது முதல் வேலை, கொதிக்க வைப்பது இரண்டாவது வேலை. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விடக்கூடாது.

"வெறகுக்கு எங்க போறது?"

இதுவும் உண்மையான கஷ்டம்தான். மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, விறகும் தேடி, சமைத்து முடிப்பதற்குள் பெண்களுக்கு இரவாகிவிடுகிறது. ஆகவே தண்ணீருக்கென்று தனியாக அடுப்பு மூட்டச் சொல்லவில்லை. இரவுச் சோறோ ரொட்டியோ முடிந்ததும் அடுப்பில் நெருப்பு இருக்கும்போதே பெரிய கேத்தலையோ பானையையோ ஏற்றிவிடுங்கள். மூடி போட்டு வையுங்கள். மூடி போட்டால் சீக்கிரம் கொதிக்கும், விறகும் மிச்சம். கொதித்ததும் இறக்கி, மூடியபடியே இரவு முழுவதும் ஆறவிடுங்கள். விடியக்காலையில் மலைக்குக் கொண்டுபோகும் போத்தல், பள்ளிக்கூடப் போத்தல், பிள்ளை மடுவத்துக்குக் கொடுத்தனுப்பும் போத்தல் எல்லாவற்றையும் நிரப்பிவிடலாம்.

இந்த வேலை பெண்கள் தலையில் மட்டும் விழவேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை. கேத்தலை ஏற்றி இறக்க ஆம்பிளைகளுக்கும் கை இருக்கிறது.

"சாயம் போட்டுத்தானே குடிக்கிறோம், அது போதாதா?" என்றும் சிலர் கேட்கிறார்கள். நன்றாகக் கொதித்த தண்ணீரில் போட்ட சாயம் நல்லதுதான். கிருமியைக் கொல்வது கொதி, தேயிலை அல்ல. அரைச் சூட்டில் போட்ட சாயத்தை நம்பமுடியாது. சூடு கூடிப்போயிற்று என்று பச்சைத் தண்ணீர் கலந்து ஆற்றினால் செய்த வேலை அத்தனையும் வீண்.

கொதித்த பிறகும் கெட்டுப்போகலாம்

பல வீடுகளில் தண்ணீர் நன்றாகக் கொதிக்கிறது. ஆனால் பிறகு திறந்த வாளியில் ஊற்றி, ஆளுக்காள் கோப்பையை முக்கி எடுக்கிறார்கள். கோப்பையோடு விரலும் முங்குகிறது. விரலில் உள்ள கிருமி தண்ணீருக்குள் போய்விடுகிறது. ஆகவே:

1. கொதித்த தண்ணீருக்கென்று ஒரு பாத்திரத்தை ஒதுக்கி வையுங்கள். வாய் ஒடுங்கிய குடம் நல்லது. அடியில் குழாய் வைத்த மூடி வாளி கிடைத்தால் இன்னும் நல்லது.

2. சாய்த்து ஊற்றுங்கள். முடியாவிட்டால் நீளப் பிடி அகப்பையால் அள்ளி, அகப்பையை ஆணியில் மாட்டுங்கள்.

3. பிள்ளைகளின் கைக்கும் கோழிக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

4. ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். மிச்சத்தைக் கழுவ, துவைக்கப் பாவித்துவிட்டு, பாத்திரத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கொதித்த தண்ணீரால் அலசிய பிறகே திரும்ப நிரப்புங்கள்.

5. கக்கூசுக்குப் போய்வந்த பிறகும், பிள்ளையின் மலத்தைக் கழுவிய பிறகும், சமைக்க, சாப்பிட, ஊட்ட முன்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். இதனால் மட்டுமே வயிற்றோட்டம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

6 மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். வெயில் காலத்திலும் தண்ணீர் தேவையில்லை.

வேறு வழிகள்

வெள்ளம், மண்சரிவு வந்து அடுப்பு மூட்ட முடியாத நாளில் குளோரின் மாத்திரை உதவும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். பக்கற்றில் எழுதிய அளவுப்படி தெளிந்த தண்ணீரில் போட்டு, அரை மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். கலங்கல் தண்ணீரில் குளோரினின் சக்தி போய்விடும் என்பதால் முதலில் வடிகட்டுங்கள்.

தெளிந்த தண்ணீரை நிறமில்லாத பிளாஸ்டிக் போத்தலில் அடைத்து நல்ல வெயிலில் 6 மணித்தியாலம் கிடத்தும் முறையும் உண்டு. ஆனால் மத்தியானத்திலேயே மூடுபனி இறங்கும் நம் மலைகளில் அதை நம்பியிருக்க முடியாது.

ஒன்றை மறக்கக்கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து விஷம் போகாது. ஆகவே புல்லுக்கு மருந்தடித்த டேங்கியை ஊற்றிலோ ஓடையிலோ யாரும் கழுவ விடக்கூடாது.

பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்துவிட்டால்

தண்ணீரை நிறுத்தினால் வயிற்றோட்டம் நிற்கும் என்பது பெரிய தவறு. ஒரு 'ஜீவனி' பக்கற்றை 1 லீற்றர் கொதித்து ஆறிய நீரில் முழுவதுமாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். பக்கற் இல்லையென்றால் 1 லீற்றர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சீனியும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டுக் கரையுங்கள். உப்பு கூடக்கூடாது. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். மலத்தில் இரத்தம், விடாத வாந்தி, குழிந்த கண், மயக்கம், சிறுநீர் போகாமை இதில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தோட்டமாகச் சேர்ந்து செய்யவேண்டியது

வீட்டுக் கேத்தல் நம்மைக் காக்கும். ஆனால் ஊற்றைக் காப்பது எல்லோருடைய பொறுப்பு. ஊற்றைச் சுற்றி வேலி அடைத்து மூடி போடவேண்டும். அதற்கு மேல் பக்கமாகவும், 100 அடிக்குள்ளும் கக்கூஸ் குழியோ மாட்டுப்பட்டியோ இருக்கக்கூடாது. டேங்கியைக் காலத்துக்குக் காலம் கழுவிக் குளோரின் போடவேண்டும். சிரமதானத்தில் நாமே செய்யக்கூடியதும் உண்டு, நிர்வாகம் செய்து தரவேண்டியதும் உண்டு. "எங்க டேங்கியக் கடைசியாக் கழுவினது எப்ப? தண்ணிய டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்களா?" என்று நலன்புரி உத்தியோகத்தரிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் மரியாதையாகக் கேளுங்கள். நல்ல தண்ணீர் நம் உரிமை. அந்தத் தண்ணீர் வந்து சேரும் வரைக்கும், வந்த பிறகு பைப் உடையும் நாட்களிலும், இரவு அடுப்பு அணையுமுன் கேத்தலை ஏற்றிவிடுவோம்.