ஐரோப்பிய நகைகளில் இந்தியக் கல்: எப்படிப் போனது?

சக்குபள்ளம் பக்கம் விளையும் ஏலக்காய் வளைகுடா வரை போவது உங்களுக்குத் தெரியும். சுமார் 1,500 வருஷத்துக்கு முன்பே நம்ம பக்கத்துச் சரக்கு ஐரோப்பாவின் நகைப்பெட்டிக்குள் போயிருக்கிறது.

அது என்ன நகை?

பிராங்குகள், ஆங்கிலோ-சாக்சன்கள் போன்ற ஜெர்மானிய மக்கள் மேலாடை நழுவாமல் இருக்க 'ப்ரூச்' குத்தினார்கள். நாம சேலைக்கு பின் குத்துற மாதிரிதான். வசதியானவர்களின் ப்ரூச்சில் தங்கத்தில் சின்னச் சின்ன அறைகள் கட்டி, மெலிதாக வெட்டிய சிவப்பு கார்னெட் கல்லைப் பதித்தார்கள். கல்லுக்கு அடியில் கோடுகள் பதித்த தங்கத் தகடு. வெளிச்சம் பட்டால் கல் ஜொலிக்கும். 1939இல் இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் கிடைத்த தோள் கொக்கிகளிலும் இதே வேலைப்பாடுதான்.

கல் எங்கிருந்து?

பாரிஸ் ஆய்வாளர்கள் பிராங்குகளின் நகைக் கற்களில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று அளந்தார்கள். 5, 6ஆம் நூற்றாண்டுக் கற்களில் பல இந்தியா, இலங்கையைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. நாம மோதிரத்தில் போடும் கோமேதகமும் கார்னெட் வகைதான்.

யார் கொண்டுபோனது?

கடல் வணிகர்கள். 6ஆம் நூற்றாண்டில் எழுதிய காஸ்மாஸ் என்பவர், மிளகு ஏற்றுமதி செய்த மலபார் துறைமுகங்களையும், பல நாட்டுக் கப்பல்கள் வந்துபோன இலங்கையையும் குறிப்பிடுகிறார்.

அப்புறம் என்ன ஆச்சு?

7ஆம் நூற்றாண்டில் வரத்து குறைந்தது. பிராங்குகள் இன்றைய செக் நாட்டுப் பகுதியான பொஹீமியாவின் சிறிய கற்களுக்கு மாறினார்கள். பெரிய கல் கிடைக்காததால் நகையின் டிசைனே மாறிப்போனது. சப்ளை செயின் அறுந்தால் ஃபேஷன் மாறும் என்பது அன்றைக்கும் நடந்த கதைதான்.