அண்ணாமலையார் கொடுக்கும் திதி

மாசி மகத்தன்று அண்ணாமலையார் திருவண்ணாமலையிலிருந்து புறப்பட்டுப் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போகிறார். அங்கே கௌதம நதியில் தீர்த்தவாரி. ஆற்றங்கரைத் தீர்த்தவாரி தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே சுவாமி வரும் காரியம் வேறு: வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்க வருகிறார். இதற்கு ஒரு மாதம் முன்பு, தைப்பூசத்தில், ஈசான்ய குளத்துத் தீர்த்தவாரி முடிந்து திரும்பும்போது மன்னர் போரில் மாண்ட செய்தி சுவாமிக்குச் சொல்லப்படுகிறது. போகும்போது முழங்கிய மேளம் திரும்பும்போது முழங்குவதில்லை. துக்க வீட்டுக்காரரைப் போல அமைதியாகக் கோயிலுக்குத் திரும்புகிறார். பிள்ளையில்லாத மன்னனுக்குத் தானே பிள்ளையாக இருந்து கடன் தீர்ப்பதாக ஈசன் வாக்குக் கொடுத்தார் என்பது ஐதீகம்.

வரலாறு இதில் ஒரு முடிச்சுப் போடுகிறது. வல்லாள மகாராஜா என்று ஊர் சொல்வது ஹொய்சள மன்னன் மூன்றாம் வீர வல்லாளனை. 1311-இல் மாலிக் காபூரின் படை துவாரசமுத்திரத்தைத் தாக்கிய பிறகு அவன் திருவண்ணாமலையைத் தன் தலைநகரங்களில் ஒன்றாக்கிக்கொண்டான். கோயிலில் ஒரு கோபுரம் இன்றும் அவன் பெயரில் நிற்கிறது. மதுரை சுல்தானோடு கண்ணனூர்க் கொப்பத்தில் நடந்த போரின் முடிவில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அவன் தோலை உரித்து, வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டதாக இபின் பதூதா எழுதிவைத்திருக்கிறார். முடிச்சு எங்கே என்றால், புராணம் மலடன் என்று சொல்லும் இந்த மன்னனுக்கு உண்மையில் மகன் இருந்தான். விருபாட்ச வல்லாளன் என்று பெயர். முடிசூடிய சில ஆண்டுகளிலேயே அவன் மறைந்தான். ஹொய்சள வம்சமும் அதோடு முடிந்தது. ரத்தம் வழிவந்த வாரிசின் கையில் நிற்காத கடமை, ஏற்றுக்கொண்ட வாரிசின் கையில் இன்றும் நடக்கிறது. முன்னோர் வழிபாடு எங்கெல்லாம் பிழைத்திருக்கிறதோ அங்கெல்லாம் இதே கதைதான் என்பது என் கட்சி. அதற்குச் சாட்சியாகச் சீனர்களை அழைக்கிறேன்.

சீனர்களின் சிங்மிங் நாள் ஏப்ரல் 4 அல்லது 5-இல் வரும். அன்று குடும்பத்தோடு கல்லறைக்குப் போவார்கள். முதல் வேலை, வருஷம் முழுக்க மண்டிய புல்லைச் செதுக்குவது. பிறகு கல்லைக் கழுவி, மங்கிய பெயரெழுத்துகளின் மேல் சிவப்போ பொன்னிறமோ தீட்டுவார்கள். சோறு, முழுக்கோழி, வறுத்த பன்றி இறைச்சி, ஆரஞ்சு, தேநீர், சின்னக் கிண்ணங்களில் மது என்று படையல் வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, மறுமையில் செலவுக்கு ஆகட்டும் என்று காகிதப் பணத்தை எரிப்பார்கள். அமாவாசைக்கு இலை போட்டு, செத்துப்போன பெரியவருக்குப் பிடித்த சுருட்டையும் சாராயத்தையும் இலையோரம் வைக்கும் நம்மூர் வீடுகளுக்கு இதில் விளங்காதது எதுவும் இல்லை. இன்னொரு விதியும் நமக்குப் பழக்கமானதே: இந்தக் கடமை ஆண் வாரிசுக்கு உரியது. சாங் வம்சக் காலத்துப் பேரறிஞர் சூ சி (1130-1200) வகுத்த குடும்பச் சடங்கு முறையில் மூத்த மகன் வழிக்கே முதலிடம். மகன் இல்லாதவர் செத்தால் பசித்த ஆவியாக அலைவார் என்ற பயம் அங்கே ஆழமானது. நம்மூரில் புத் என்னும் நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தினார்கள், பயம் ஒன்றுதான்.

இத்தனை இறுக்கமான ஏற்பாடு கடல் தாண்டினால் என்ன ஆகும்? பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் டோங் ஆச்சியூ என்ற சீனர் வங்காளத்துக்கு வந்து, ஹூக்ளிக் கரையில் நிலம் பெற்றுக் கரும்பாலை வைத்தார். ஆலை நீடிக்கவில்லை. அவர் அங்கேயே இறந்தார். பட்ஜ் பட்ஜ் அருகே அந்த ஊர் ஆச்சிப்பூர் என்று அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. குதிரை லாட வடிவில், சிவப்புச் சாயம் பூசிய அவரது சமாதி ஆற்றோரம் இருக்கிறது. ஒவ்வொரு சீனப் புத்தாண்டை ஒட்டியும் கொல்கத்தாச் சீனர்கள் அங்கே போய் ஊதுபத்தி ஏற்றிப் படைக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் ஆச்சியூவுக்குப் பிறகு பல தலைமுறை கழித்துத் தனித்தனியாக வந்த ஹக்கா, கான்டனீஸ் குடும்பங்களின் வழியினர். தோல் பதனிட வந்தவர்கள், தச்சர்கள், செருப்புத் தைத்தவர்கள். ஆச்சியூவுக்கும் இவர்களுக்கும் ரத்தத் தொடர்பு கிடையாது. முதலில் வந்தவர் என்ற ஒரே தகுதியில் அவர் எல்லோருக்கும் பாட்டனாகிவிட்டார். 1962 போரின்போது இந்தியச் சீனர்கள் சுமார் 3,000 பேர் ராஜஸ்தானின் தியோலி முகாமில் அடைக்கப்பட்டார்கள். விடுதலையானபின் பலர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். அப்படியும் ஆச்சிப்பூர்ப் படையல் நிற்கவில்லை. அங்குள்ள சீனக் கோயிலின் மண் தெய்வங்களை உள்ளூர் வங்காளிகள் ‘குதா குதி’ என்று தங்கள் பாணியில் அழைத்து, தாங்களும் கும்பிடுகிறார்கள்.

இது நீர்த்துப்போன மரபு, அசல் அல்ல என்று ஒருவர் சொல்லலாம். தன் தாத்தாவின் கல்லைக் கழுவுவதும் யாரோ ஒரு முன்னோடியின் கல்லைக் கழுவுவதும் ஒன்றாகுமா? ஆகாதுதான். ஆனால் அசலை மட்டுமே பிடித்துக்கொண்டால் என்ன மிஞ்சும் என்பதற்குச் சிங்கப்பூர் விடை சொல்கிறது. அங்கே குவாங்சோ, ஹுய்சோ, சாவ்சிங் பகுதிகளிலிருந்து வந்தவர்களின் 16 ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து நடத்தும் பெக் சான் தெங் என்ற அமைப்பு 1870-இல் இடுகாடாகத் தொடங்கியது. பிறகு அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது, கல்லறைகள் தோண்டப்பட்டன. இன்று பிஷான் என்று அடுக்குமாடி வீடுகள் நிற்கும் நகரம் அந்த இடுகாட்டின் மேல் எழுந்ததுதான். சங்கம் என்ன செய்தது? அஸ்திக் கலயங்களை வைக்க மாடங்கள் கொண்ட கட்டடம் கட்டியது. புதைப்பது போய் எரிப்பது வந்தது, மலைச்சரிவு போய் மாடி வந்தது. வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் கூட்டுப் படையல் தொடர்கிறது. இன்னொரு பக்கம் புக்கிட் பிரவுன் இடுகாடு: 1922-இல் திறந்து 1973-இல் மூடப்பட்டது, சுமார் ஒரு லட்சம் கல்லறைகள். நெடுஞ்சாலைக்காக அதில் ஏறக்குறைய 4,000 தோண்டப்பட்டபோது, மிச்சத்தைக் கவனிக்க முன்வந்தவர்களில் அங்கே சொந்தக்காரர் யாரும் புதைக்கப்படாதவர்களும் இருந்தார்கள். புதரை விலக்கிப் பெயர்களைப் படித்து, வருகிறவர்களை அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள்.

நம் ஆட்களிலேயே ஒரு சாட்சி உண்டு. மலாக்காச் செட்டிகள் பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கே போன தமிழ் வணிகர்களின் வழியினர். அங்குள்ள பெண்களை மணந்து, உடையிலும் சமையலிலும் மலாய்க்காரர்களாக மாறி, வீட்டில் தமிழையும் விட்டுவிட்டார்கள். விடாதது ‘பார்ச்சு’ என்ற முன்னோர் படையல். போகியன்று ஒன்று, பழக்காலத்தில் ஒன்று என ஆண்டுக்கு இரண்டு முறை வாழையிலை விரித்து, செத்தவர்களுக்குப் பிடித்ததைப் பரிமாறுகிறார்கள். மொழி போனால் பண்பாடே போயிற்று என்று மேடையில் பேசுகிறவர்கள் கம்போங் செட்டிக்கு ஒரு நடை போய்வரலாம்.

இரு மரபுகளும் வாரிசு விதியை எழுதும்போதே புறக்கடை வாசல் ஒன்றையும் வைத்துவிட்டன என்பதையும் கவனிக்க வேண்டும். சீனர்களின் ஏழாம் மாதத்தில், பிள்ளைகுட்டி இல்லாமல் செத்த ஆவிகளுக்குத் தெருவே சேர்ந்து சோறு வைக்கிறது. நம்முடைய தர்ப்பணம் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று பெயர் சொல்லித் தொடங்கினாலும், யாருமே இல்லாமல் போனவர்களுக்கும் கடைசியில் ஒரு கை எள்ளும் தண்ணீரும் விட்டுத்தான் முடிகிறது.

ரத்த உறவில்லாதவர் இப்படிக் கடன் ஏற்பதைப் பார்க்கத் திருவண்ணாமலை மாவட்டமே நல்ல களம். செங்கம் வட்டாரத்தில் பல்லவர் கால நடுகற்கள் ஏராளம். எடுத்தனூர்க் கல்லில், மகேந்திரவர்மன் காலத்தில் ஆநிரைப் பூசலில் செத்த ஒரு வீரன் வில்லோடு நிற்கிறான். பின்னால் ஒரு நாய். எசமான் விழுந்த பிறகும் கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றதைக் கல்வெட்டு சொல்கிறது. வீரனின் கொடிவழி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இந்தப் பக்கத்து ஊர்களில் இப்படிப்பட்ட கற்கள் பலவற்றை வேடியப்பன் என்று கும்பிட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையை நோக்கி நடப்பவர் வழியில் கைகூப்பும் இடங்களையும் பாருங்கள்: சேஷாத்திரி சுவாமிகள், ரமணர், யோகி ராம்சுரத்குமார், எல்லாம் சமாதிகள். ரமணாசிரமம் தோன்றியதே ஒரு தாயின் சமாதியால்தான். 1922 மே மாதம் ரமணரின் தாய் அழகம்மாள் இறந்தபோது பாலி தீர்த்தக் கரையில் அடக்கம் செய்தார்கள். மலைமேல் ஸ்கந்தாசிரமத்திலிருந்து அடிக்கடி இறங்கி வந்த மகன் அந்த ஆண்டுக் கடைசியில் அங்கேயே தங்கிவிட்டார். வீட்டையும் உறவையும் உதறி வந்த துறவி அவர். அந்தச் சமாதிமேல் எழுந்த மாத்ருபூதேஸ்வரர் கோயிலில் இன்று கும்பிடுகிறவர்கள் எந்தெந்த நாட்டுக்காரர்களோ!

செத்தவர் சாப்பிடவா போகிறார், இதெல்லாம் மூடநம்பிக்கை என்ற வாதம் சீனாவிலும் எழுந்தது, இங்கும் எழுந்தது. மாவோவின் பண்பாட்டுப் புரட்சியில் முன்னோர் மண்டபங்களை இடித்து வம்சாவளி ஏடுகளை எரித்தார்கள். அதே அரசு 2008-இல் சிங்மிங்கைப் பொது விடுமுறை ஆக்கியது. கத்தோலிக்கத் திருச்சபை 1742-இல் சீன முன்னோர் சடங்கைத் திட்டவட்டமாகத் தடை செய்து, 1939-இல் அந்தத் தடையைத் தளர்த்தியது. இங்கே திதியும் திவசமும் வேண்டாம் என்ற இயக்கத்தின் வழிவந்தவர்கள் ஒவ்வொரு பிப்ரவரி 3-ஆம் தேதியும் அண்ணா சமாதிக்கு அமைதிப் பேரணி போய் மலர் வைக்கிறார்கள். கேலிக்காக இதைச் சொல்லவில்லை. புரோகிதரும் எள்ளும் இல்லாமல், ரத்த உறவும் இல்லாமல் நடக்கும் நீத்தார் கடன் அது.

என் வாதத்துக்கு எதிராக நிற்கும் பலமான சான்று ஒன்று உண்டு. அது நம் ஊர் இடுகாட்டில் இருக்கிறது. கடமையை யாரும் ஏற்கலாம் என்று கன்னட மன்னனுக்கு ஈசனையே மகனாக்கிய தமிழ்ச் சமூகம், சுடுகாட்டைச் சாதிக்கொன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. தலித்துகளின் பிணம் போக ஊர்ப் பாதை கிடையாது என்று வயல் வரப்பிலும் ஓடையிலும் தூக்கிப்போக வைத்த ஊர்கள் உண்டு. மகள் கொள்ளி வைத்தால் இன்றும் அது செய்தித்தாளில் படத்தோடு வருகிறது. யாரோ ஒரு வீரனின் கல்லை வேடியப்பனாக்கியவர்கள், பக்கத்துத் தெருக்காரரின் பிணத்தோடு ஒரே மண்ணில் படுக்கச் சம்மதிப்பதில்லை. செத்து நெடுங்காலம் ஆன அந்நியரைச் சொந்தமாக்குவது சுலபம். அவர் பங்கு கேட்டு வரப்போவதில்லை. ஆகவே மேலே நான் அடுக்கிய உதாரணங்கள் அந்தக் கதவு திறக்கக்கூடியது என்பதை மட்டுமே காட்டுகின்றன. எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று காட்டவில்லை. சாதி வேறுபாடு இல்லாத மயானம் உள்ள ஊர்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் பரிசு என்று தமிழக அரசு 2021-இல் அறிவித்தது.