ஏலம் எடுத்தவர் பின்வாங்கினால் முன்பணம் யாருக்கு?

வங்கிக் கடன் கட்ட முடியாமல் ஏலத்துக்கு வரும் வீட்டை எடுக்க இப்போது பினாங்கு லைட் சாலை நீதிமன்றத்துக்குப் போய் நிற்க வேண்டியதில்லை. மலேசிய நீதித்துறையின் இ-லெலோங் தளத்தில் பெயரைப் பதிந்து, முன்பணம் கட்டிவிட்டு, பட்டர்வொர்த்திலோ பாலிக் புலாவிலோ வீட்டில் இருந்தபடியே விலை கேட்கலாம். வசதிதான். ஆனால் அவசரத்தில் விலையை ஏற்றிவிட்டு, மறுநாள் குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தபின் "வேண்டாம்" என்று முடிவெடுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி மனம் மாறினால் என்ன ஆகும்?

சட்டத்தின் அடிப்படை எளிமையானது. விலை கேட்பது "வாங்கிக்கொள்கிறேன்" என்ற முன்மொழிவு மட்டுமே. அதை ஏற்றுக்கொண்டதன் அடையாளமாகச் சுத்தியல் விழும்வரை கேட்டவர் பின்வாங்கலாம். 1789இல் இங்கிலாந்தில் வந்த ஒரு வழக்கில், சாராயம் வடிக்கும் கருவிக்கு 40 பவுண்டு கேட்ட ஒருவர் சுத்தியல் விழுமுன் மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி என்றது நீதிமன்றம். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டமும் 64ஆம் பிரிவில் இதையே சொல்கிறது. 1990இல் அந்தச் சட்டம் பினாங்குக்கு நீட்டிக்கப்படும்வரை இங்கே ஆங்கிலேயச் சட்டமே நடப்பில் இருந்தது. விதி இரண்டிலும் ஒன்றுதான்.

இணையத்தில் சுத்தியல் கிடையாது, கடிகாரம்தான். நேரம் முடிந்து, வென்றவர் இன்னார் என்று தளம் அறிவித்தால் விற்பனை முடிந்தது என்று பெரும்பாலான தளங்களின் விதிகள் சொல்கின்றன. நேரில் கையெழுத்துப் போடவில்லையே என்று வாதாடிப் பயனில்லை. மின்னணுச் செய்திகள் வழியாகவும் ஒப்பந்தம் உருவாகலாம் என்பதை 2006ஆம் ஆண்டு மின்னணு வணிகச் சட்டம் ஏற்கிறது. வீடு தேடி வந்து விற்பவரிடம் வாங்கிய பொருளை யோசித்துத் திருப்பித் தர நேரடி விற்பனைச் சட்டம் அவகாசம் தருகிறதே, அது ஏலத்துக்குப் பொருந்தாது.

வீட்டு ஏலத்தில் இன்னும் ஒரு முடிச்சு உண்டு. தனி நிலப்பட்டா இன்னும் வராத அடுக்குமாடி வீடுகளை வங்கிகள் தங்கள் சொந்த நிபந்தனைகளின்படி ஏலம் விடுகின்றன. அந்த நிபந்தனைத் தாள்கள் பலவற்றில், சுத்தியல் விழுமுன் பின்வாங்கினாலும் முன்பணம் பறிபோகும் என்று ஒரு வரி இருக்கும். சட்டம் கொடுத்த சுதந்திரத்தை அந்த ஒற்றை வரி எடுத்துவிடுகிறது. விலை கேட்பதற்கு முன் நிபந்தனைத் தாளை முழுதாகப் படித்தே ஆக வேண்டும்.

பட்டா உள்ள சொத்துக்கு நீதிமன்றம் விடும் ஏலத்தில் தேசிய நிலச் சட்டம் கடுமையானது. விலை கேட்க விரும்புவோர் ஆரம்ப விலையில் 10 விழுக்காட்டை முன்பணமாகக் கட்ட வேண்டும். ஏலம் முடிந்த நாளிலிருந்து 120 நாளுக்குள் மீதியை முழுவதும் செலுத்த வேண்டும். அந்தக் கெடுவை நீட்டிக்க முடியாது என்று நாட்டின் அன்றைய உச்ச நீதிமன்றமே 1990களில் ஒரு வழக்கில் உறுதிசெய்துவிட்டது. வங்கி கடன் தர மறுத்தது, உள்ளே இருப்பவர் காலி செய்ய மாட்டேன் என்கிறார், பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கணக்கில் பாக்கி என்று இப்போதுதான் தெரிந்தது: இவை எல்லாம் உண்மையான சிரமங்கள்தாம். ஆனால் ஏலத்துக்கு வரும் வீட்டைப் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். நிர்வாக அலுவலகத்தில் பாக்கியை விசாரிப்பதும், கடன் கிடைக்குமா என்று வங்கியிடம் முன்கூட்டியே கேட்பதும் விலை கேட்பவரின் பொறுப்பு.

ஒப்பந்தத்தை முறித்தவரின் முன்பணத்தைப் பிடித்துக்கொள்ளும் விஷயத்தில், கூட்டரசு நீதிமன்றம் 2018இல் கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் வழியைத் தெளிவாக்கியது. முன்பணத்தை வைத்துக்கொள்பவர் தம் நட்டத்தை வெள்ளிக்கணக்கில் நிரூபிக்க வேண்டியதில்லை. அது நியாயமற்ற தொகை என்று காட்டும் பொறுப்பு பின்வாங்கியவருடையது. வீடு, நில விற்பனையில் 10 விழுக்காடு நெடுங்கால வழக்கம் என்பதால் அப்படிக் காட்டுவது சுலபமில்லை.

இதில் அதிகம் பேசப்படாதவர் வீட்டை இழப்பவர். ஆரம்ப விலை 300,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். வென்றவர் 30,000 ரிங்கிட் முன்பணத்தைக் கைவிட்டு ஓடிவிட்டால், நிலச் சட்டத்தின் 267ஏ பிரிவின்படி அதில் முதலில் ஏலச் செலவு கழியும். மிச்சம் கடன்பட்டவரின் கணக்கில் வரவாக வேண்டும். ஆனால் அதற்குள் நான்கு மாத வட்டி ஏறியிருக்கும். அடுத்த ஏலத்தில் ஆரம்ப விலையை 10 விழுக்காடு குறைத்தால் அங்கேயே 30,000 போய்விடும். ஒருவருடைய மனமாற்றத்துக்கு, ஏற்கெனவே வீட்டைப் பறிகொடுத்த குடும்பம் விலை கொடுக்கிறது. அப்படிப்பட்ட குடும்பம் வங்கியிடம் கணக்கு அறிக்கை கேட்டு, பறிமுதலான முன்பணம் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். கேட்பது உங்கள் உரிமை.

முன்பணம் சிறியதாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவில் இரண்டு சாட்சிகள் உண்டு. இமாசலப் பிரதேசத்தில் 2023 பிப்ரவரியில் 1,000 ரூபாய் ஆரம்ப விலையில் இணைய ஏலத்துக்கு வந்த ஒரு ஸ்கூட்டர் எண்ணுக்கு 1.12 கோடி ரூபாய்வரை கேட்டார்கள். உச்ச விலை கேட்டவர்கள் பணம் கட்டவில்லை. ஹரியானாவில் 2025 நவம்பரில் ஒரு வாகன எண் 1.17 கோடி ரூபாய்க்குப் போனது. அங்கும் பணம் வரவில்லை. வென்றவர் இழந்தது சில ஆயிரம் ரூபாய் முன்பணம் மட்டுமே. பின்வாங்குவது அவ்வளவு மலிவாக இருந்தால் யாரும் எவ்வளவும் கேட்பார்கள்.

அதில் மோசடியும் நுழையும். ஒருவர் குறைந்த விலை கேட்பார். கூட்டாளி மிக உயர்ந்த விலை கேட்டு மற்றவர்களை விரட்டுவார். கடைசி நிமிடத்தில் கூட்டாளி விலகிக்கொள்ள, பொருள் அடிமாட்டு விலைக்கு முதலாமவருக்குப் போகும். இபே தளம் கடைசி 12 மணி நேரத்தில் விலகலை இறுக்கிப் பிடிப்பது இதற்காகத்தான்: அந்த நேரத்தில் கேட்ட விலையை ஒரு மணி நேரத்துக்குள் மட்டுமே திரும்பப் பெறலாம்.

லோரோங் கூலிட் சந்தையில் பழைய காசு, தபால்தலை, பித்தளைச் சாமான் விற்பவர்கள் இன்று சமூக ஊடக நேரலையிலும் ஏலம் விட முடியும். அவர்களுக்குச் சட்டத்தைவிட முன்னேற்பாடு உதவும். எத்தனை மணி நேரத்துக்குள் பணம் வர வேண்டும், வராவிட்டால் அடுத்தவருக்கு எந்த விலையில் போகும் என்பதை ஏலம் தொடங்குமுன் எழுதிப் போடுங்கள். விலை உயர்ந்த பொருள் என்றால் முன்பணம் கட்டியவரை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்தவரிடம் போகும்போது, ஓடிப்போனவர் நுழைவதற்கு முன் இருந்த விலையையே கேட்பது நேர்மை. ஏற்றிவிட்ட விலையை அவர் தலையில் கட்டினால் அவரும் போய்விடுவார்.

அப்படியும் ஏமாந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. அது வாங்குபவருக்கான இடம். நட்டம் 5,000 ரிங்கிட்டுக்குள் இருந்தால், தனிநபர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமலேயே மனு கொடுக்கலாம். ஏல அறிவிப்பு, கேட்கப்பட்ட விலைகள், நேரம், குறுஞ்செய்திகள் ஆகியவற்றின் திரைப்பிடிப்புகளை அன்றே சேமித்து வையுங்கள். பின்வாங்குபவர் பெரும்பாலும் முதலில் செய்வது தம் பதிவை அழிப்பதுதான்.